சுருளி என்ன ஜாதி?

பொன்மணி அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்
திருவேற்காடு
12.11.2024

திருமதி வே. நாகம்மா அவர்களுக்கு,
பி பிளாக், தரைத்தளம், எண் 2.

அம்மையீர்,

தங்கள் வீட்டில் ஒரு பூனை வளர்க்கப்படுவதாகவும், அதற்கு ரோமம் உதிரும் தோல்நோய் இருப்பதாகவும் சங்கத்துக்கு நான்கு குடும்பங்களிடமிருந்து எழுத்துமூலம் புகார் வந்துள்ளது. அப்பூனை சன்ஷேடு வழியாக ஏறி மாடி வீடுகளின் பால்கனியில் நுழைகிறது. பி பிளாக் மூன்றாம் வீட்டுச் சமையலறையில் ஆறவைத்திருந்த சேமியாவை உண்டிருக்கிறது. முன்பின் தெரியாதவர் தோளிலும் குதித்து ஏறுகிறது. அதன் மீசை கருகியிருப்பதைப் பார்த்து, யாரோ சூடு வைத்துத் துன்புறுத்துகிறார்களோ என்று ஏ பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் ஐயம் தெரிவித்துள்ளார்.

குழந்தைகளின் உடல்நலம் கருதி, இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அப்பூனையை அடுக்ககத்தை விட்டு அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சு. ராஜசேகரன்
செயலாளர்

*

திருவேற்காடு
14.11.2024

செயலாளர் ராஜசேகரன் சாருக்கு,

வணக்கம். உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. நேரில் வந்து பேசியிருப்பேன். பேசினால் குரலை உயர்த்தினேன் என்று சொல்வீர்கள். அதனால் நானும் எழுதியே பதில் தருகிறேன்.

பூனையின் பெயர் சுருளி. பெண். என் வீட்டுக்காரர் வேம்புலி பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னீர்குப்பத்தில் அவர் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அங்கே பழைய டயர் அடுக்குக்குள் சாம்பல் கோடு போட்ட ஒரு பூனை ஏப்ரல் மாதம் நாலு குட்டி போட்டது. மூன்றுக்கு எல்லாப் பூனைக்கும் இருப்பதுபோல நேரான முடி. நாலாவதைப் பார்த்து பஞ்சர் கடைக்காரர் "இது சீக்குக் குட்டி, தேறாது" என்று தனியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டாராம். இவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கு முடி உதிரவில்லை சார். முடியே அப்படித்தான். குட்டையாக, மெல்லிசாக, மேலெல்லாம் அலை அலையாக இருக்கும். தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். மீசை பிறக்கும்போதே சுருண்டது. யாரும் சூடு வைக்கவில்லை. அப்படி எழுதியவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அவர் என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. குறை எது, வித்தியாசம் எது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சேமியா சாப்பிட்டது உண்மை. அதற்கு அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டு வேறு செய்து கொடுத்துவிட்டேன். பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது கழுவிக் கழுவித் தந்தார்கள். அதைப் பற்றி நான் புகார் எழுதவில்லை.

இவர் பயப்படுகிறார். "இன்னா நாகு, ஒத்தப் பூனைக்கோசரம் மொத்த பில்டிங்கோட மல்லுக்கு நிக்கிறே. நான் வண்டிலயே வச்சுகினு பாத்துக்கிறேன், வுடு" என்கிறார். நான் விடவில்லை. நீங்கள் எல்லாரும் இருக்கிற மாதிரிதான் நாங்களும் இந்த வீட்டில் இருக்கிறோம். சுருளியும் இருக்கும்.

நாகம்மா

*

திருவேற்காடு
20.11.2024

திருமதி நாகம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தவன் நான். கை சும்மா இருக்கவில்லை. தங்கள் கடிதத்தில் பதினேழு பிழைகளைச் சிவப்பு மையில் குறித்து இத்துடன் இணைத்துள்ளேன். தவறாக எண்ண வேண்டாம்.

ஏழு நாள் கெடு நேற்றோடு முடிந்தது. இதற்கிடையில் என் மனைவி சொர்ணத்தின் முன்கையில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வந்திருக்கிறது. அப்பூனையின் நடமாட்டம் எங்கள் பால்கனியிலும் உண்டு என்பதைத் தாங்கள் மறுக்க மாட்டீர்கள். செயலாளர் என்ற முறையில் மட்டுமல்லாமல், முட்டி வலியில் நடக்க முடியாத ஒரு பெண்ணின் கணவன் என்ற முறையிலும் கேட்கிறேன். பூனைக்குத் தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பதினைந்து நாட்களுக்குள் சங்கத்தில் கொடுங்கள். இல்லையேல் ஆள் வைத்துப் பிடித்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வித்தியாசம் பற்றி எழுதியிருந்தீர்கள். வாஷரில் வித்தியாசம் இருந்தால் தாங்கள் அதைக் கழித்துத்தானே போடுகிறீர்கள்?

சு. ராஜசேகரன்
செயலாளர்

*

திருவேற்காடு
2.12.2024

ராஜசேகரன் சாருக்கு,

பிழை திருத்தியதற்கு நன்றி. 'கழுவிக் கழுவி' என்று நான் எழுதியதை ஒரே 'கழுவி'யாக அடித்திருக்கிறீர்கள். அது பிழை இல்லை. அவர்கள் இரண்டு முறை கழுவினார்கள்.

வாஷருக்கு உயிர் கிடையாது. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

சனிக்கிழமை லீவு போட்டு, அம்பத்தூரில் அகல்யா என்கிற டாக்டரம்மாவிடம் சுருளியைக் கொண்டுபோனேன். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறி இல்லை, படை இல்லை, பேன்கூட இல்லை. அதை எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்ததை இணைத்திருக்கிறேன். சொர்ணம் அம்மாவின் அரிப்புக்கு வேறு காரணம் பாருங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. சுருளியை மேசை மேல் விட்டு அரை மணி நேரம் பார்த்தார். சின்ன முகத்துக்கு வெற்றிலை மாதிரி பெரிய காது, பெரிய கண், ஒல்லி உடம்பு, நீளக் கால். அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதை நினைவில் இருக்கிறவரை எழுதுகிறேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கார்ன்வால் என்று ஒரு பக்கம். 1950இல் அங்கே ஒரு பண்ணையில் சாதாரணப் பூனை ஒன்று ஐந்து குட்டி போட, அதில் ஒன்று மட்டும் சுருட்டை முடியோடு பிறந்ததாம். பத்து வருஷம் கழித்துப் பக்கத்து டெவனில், கைவிட்ட சுரங்கம் ஒன்றைச் சுற்றித் திரிந்த காட்டுப் பூனை மாதிரி ஒரு ஆண் பூனைக்கும் சுருட்டை முடி. அங்கே ஒரு தெருப்பூனை போட்ட குட்டியிலும் ஒன்று அப்படியே வந்திருக்கிறது. இரண்டு ஊர்ப் பூனையையும் சேர்த்துப் பார்த்தால் நேர் முடிக் குட்டிதான் பிறந்ததாம். அதாவது இது வேறு, அது வேறு. தனித்தனியாகத் தானாகவே வந்தது. அவற்றுக்கு 'ரெக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜா என்று அர்த்தமாம். இன்றைக்குப் பெரிய பெரிய பங்களாவில் மெத்தையில் படுத்திருக்கிற பூனைகளுக்கு முப்பாட்டன் சுரங்கத்துப் பக்கம் எலி பிடித்தவன்.

அப்போது சுருளி இங்கிலாந்துப் பூனையா என்று கேட்டேன். சிரித்தார். "இல்லம்மா, இது சென்னீர்குப்பத்துப் பூனை. அங்க எப்படி வந்துச்சோ அப்படி இங்கயும் தானா வந்திருக்கு. அம்மா பக்கமும் அப்பா பக்கமும் உள்ளுக்குள்ள மறைஞ்சு கெடந்த குணம், ஒண்ணா சேந்தப்ப வெளிய வந்திருச்சு" என்றார்.

குணத்தையும் சொன்னார். இந்த மாதிரி முடி இருக்கிற பூனைகளுக்குக் குளிர் தாங்காது, எங்கே சூடு இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்றார். அதனால்தான் சுருளி இன்வெர்ட்டர் மேலும், அப்போதுதான் நிறுத்திய வண்டி மேலும், மனுஷர் தோளிலும் ஏறுகிறது. உயரம் பிடிக்கும். தனியாக இருக்கப் பிடிக்காது. தட்டில் இருப்பது எதுவாக இருந்தாலும் தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும். கூப்பிட்டால் நாய்க்குட்டி மாதிரி ஓடி வரும். நீங்கள் புகாராக எழுதியது எல்லாமே அதன் சுபாவம்.

கடைசியாக ஒன்று. அடுக்ககச் சங்கம் எதுவும் வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது, விலங்கு நல வாரியமே அதை எழுதி வைத்திருக்கிறது என்றும் டாக்டரம்மா சொன்னார். நீங்கள் படித்தவர். தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

நாகம்மா

*

பொன்மணி அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்
திருவேற்காடு
9.12.2024

மதிப்பிற்குரிய திருமதி நாகம்மா அவர்களுக்கு,

நல்ல செய்தி. தங்கள் கடிதத்தையும் மருத்துவச் சான்றிதழையும் நேற்றைய செயற்குழுவில் வாசித்தேன். அனைவரும் வியப்போடு கேட்டார்கள். ஏ பிளாக் ஜெகதீஷ் தம்பி, மென்பொருள் துறையில் இருக்கிறவர், வீட்டில் பாரசீகப் பூனை வளர்ப்பவர், உடனே கைப்பேசியில் அந்த வெளிநாட்டுப் பூனைகளின் படங்களை எடுத்துக் காட்டினார். அச்சு அசல் தங்கள் சுருளியேதான். இப்படி ஒரு ஜாதிப் பூனை நம் அடுக்ககத்தில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று புகார் கொடுத்தவர்களே சொன்னார்கள்.

ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தைக் கீழே தருகிறேன்:

'விதி 14: அடுக்ககத்தில் உயர்ஜாதி வளர்ப்புப் பிராணிகள் மட்டும் அனுமதிக்கப்படும். தெருப் பிராணிகளை உள்ளே கொண்டுவருவதும் அவற்றுக்கு உணவிடுவதும் தடை செய்யப்படுகிறது. பி பிளாக் 2ஆம் வீட்டுப் பூனைக்கு மேற்படி விதியின்படி அனுமதி அளிக்கப்படுகிறது.'

ஜெகதீஷ் தம்பிக்கு இன்னொரு யோசனை. சென்னீர்குப்பத்தில் அதன் உடன்பிறந்த ஆண் குட்டி இன்னும் இருந்தால், அதோடு சுருளியைச் சேர்த்து, சுருட்டை முடியுள்ள குட்டிகளை மட்டும் தனியே பிரித்து வளர்த்தால், சில ஆண்டுகளில் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு புதிய ஜாதியை உருவாக்கிவிடலாம் என்கிறார். எல்லாச் செலவையும் அவரே ஏற்பார். தங்கள் சம்மதத்தைக் கேட்கச் சொன்னார்.

ஆக, எல்லாம் சுபமாக முடிந்தது.

அன்புடன்,
சு. ராஜசேகரன்

*

திருவேற்காடு
11.12.2024

ராஜசேகரன் சாருக்கு,

உங்கள் அனுமதியைத் திருப்பி அனுப்புகிறேன். இதே கவரில் இருக்கிறது. எனக்கு வேண்டாம்.

நவம்பரில் சுருளி சீக்குப் பூனை. டிசம்பரில் ராஜா வீட்டுப் பூனை. இரண்டு மாதத்திலும் அது ஒரே பூனைதான். அதே மீசை, அதே முடி. மாறியது உங்கள் கண். ஜாதி என்கிற ஒரு சொல் கிடைத்ததும், தோளில் ஏறியதுகூடக் குறும்பாகிவிட்டது. சேமியா வீட்டுக்காரம்மா நேற்று என்னை நிறுத்தி, "பூனைய கூட்டிட்டு வாயேன் நாகம்மா, பசங்க பாக்கணும்னு கேக்குறாங்க" என்றார். மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசற்படியை நான் தாண்டியதில்லை. பூனையைத்தான் கூப்பிட்டார், என்னை இல்லை.

டாக்டரம்மாவிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். போன கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு குட்டி சுருட்டையாகப் பிறந்தால் அது எப்படி ஒரு ஜாதி ஆகும் என்று கேட்டேன். அந்தக் கார்ன்வால் குட்டியை அதன் தாயோடேயே சேர்த்தார்களாம். பிறகு அண்ணன், தங்கை என்று உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, நேர் முடியோடு பிறந்ததைக் கழித்துக்கொண்டே வந்தார்களாம். "வெளியில கலக்க வுடாம வச்சுக்கிட்டா ஜாதி, அவ்ளோதான்மா. அதனாலயே அதுங்களுக்குச் சில நோயும் கூடவே வரும்" என்றார். திங்கட்கிழமை முழுக்க மெஷின் முன்னால் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அடுக்ககம் நிற்கிற நிலத்தில் பூந்தோட்டம் இருந்தபோது என் அம்மா பொன்னியம்மா இங்கே களை பறித்தவர். முதலாளி வீட்டுக் கிணற்றில் அவருக்குத் தண்ணீர் கிடையாது. அவர் மகள் நான் அதே இடத்தில் பத்திரம் போட்டு வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். ஜாதி பார்த்து உள்ளே விடுகிற விதி ஒன்றை நீங்கள் எழுதுவீர்கள், அதற்குக் கீழே என் வீட்டு எண்ணைப் போடுவீர்கள், நான் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டேன்.

சுருளி தெருப் பூனை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அம்மாவும் மூன்று குட்டிகளும் தெருப் பூனைகள். விதி 14 இருக்கிறவரை நான் அதை மீறிக்கொண்டுதான் இருப்பேன். ஜெகதீஷிடம் சொல்லிவிடுங்கள், சுருளிக்குக் கருத்தடை செய்யப் போகிறேன். அவர் வேறு ஜாதி பார்த்துக்கொள்ளட்டும்.

நாகம்மா

*

திருவேற்காடு
22.12.2024

அன்புள்ள நாகம்மா அவர்களுக்கு,

இதைச் சங்கத்தின் தாளில் எழுதவில்லை. பதினொரு நாட்களாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

தங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. பூனைக்குச் சொன்ன சொல்லை மனிதருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறாரே என்று சொர்ணத்திடம் குறைப்பட்டேன். ஜாதி நாய், ஜாதிப் பூனை என்பதெல்லாம் ஊர் வழக்குத்தானே என்றேன். அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

காலை பதினொரு மணிக்கு நான் நூலகத்துக்குப் போகும்போது அவள் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். ஆகஸ்டிலிருந்தே சுருளி அந்த நேரத்துக்கு வந்து, பையின் மேல் படுத்துவிட்டு, நான் திரும்புவதற்குள் இறங்கிப் போய்விடுமாம். கையில் வந்த தடிப்பு பூனையால் வந்ததல்ல. புதிதாக வாங்கிய வலித் தைலத்தால் வந்தது. அது அவளுக்கு அப்போதே தெரியும். சொன்னால் பூனை வருவது எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள்.

"நாலு மாசமா என் முட்டி மேல படுத்துட்டுப் போனது தெருப் பூனைதாங்க. நீங்க தீர்மானம் போட்டதும் அது வேற பூனையா ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

அந்த விதியின் வாசகத்தை எழுதியவன் நான்தான். செயற்குழு 'நல்ல இனம்' என்றுதான் சொன்னது. எழுத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று 'உயர்ஜாதி' என்று போட்டது என் கை. இதைத் தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. விதி 14ஐ முழுமையாக நீக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். தாங்கள் வந்து பேச வேண்டும். வெல்லுமா என்று தெரியவில்லை. ஜெகதீஷ் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

ராஜசேகரன்

*

திருவேற்காடு
24.12.2024

ராஜசேகரன் சாருக்கு,

வருகிறேன். ஆனால் அன்றைக்கே பன்னிரண்டு மணிக்குச் சுருளிக்கு ஆபரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதை மாற்ற மாட்டேன். முதலில் என்னைப் பேச விடுங்கள். பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நீங்கள் ஒப்புக்கொண்டதைப் படித்தேன். சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதினீர்களே, அதை வைத்திருக்கிறேன்.

நாகம்மா

*

திருவேற்காடு
5.1.2025, மாலை

அன்புள்ள நாகம்மா அவர்களுக்கு,

ஆபரேஷன் எப்படி நடந்தது? சொர்ணம் மத்தியானத்திலிருந்து பால்கனியை விட்டு எழவில்லை. வேன் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தாங்கள் கிளம்பிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. தாங்கள் பேசி முடித்ததும் ஜெகதீஷ் எழுந்து, "ஒரு பூனை விஷயத்தை எங்கேயோ கொண்டுபோறாங்க, இதுல நாம இமோஷனல் ஆக வேணாம்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் தாங்கள் மட்டும்தான் அப்போது அங்கே இல்லை. மீதி நாற்பத்தொன்றில் விதியை நீக்க வேண்டும் என்று கை தூக்கியவர்கள் பதினெட்டுப் பேர். வேண்டாம் என்றவர்கள் இருபத்து மூன்று. தோற்றுவிட்டோம்.

பதினெட்டில் சேமியா வீட்டுக்காரம்மாவும் உண்டு. நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கேயே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். ஜெகதீஷ் செயலாளர் ஆகியிருக்கிறார். தெருப் பூனை என்று தாங்களே சபையில் சொல்லிவிட்டதால் இனி அனுமதி கிடையாது, நாளையே நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொல்கிறார்.

ஒரு வேண்டுகோள். தையல் ஆறும்வரை சுருளி எங்கள் வீட்டில் இருக்கட்டும். உள்ளறையில் வைத்துக்கொள்கிறோம். யாருக்கும் தெரியாது. சூடு அடங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.

ராஜசேகரன்

*

திருவேற்காடு
8.1.2025

அன்புள்ள ராஜசேகரன் சாருக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் நாலு தையல் போட்டிருக்கிறார்கள். வழித்த இடத்தில் முடி வளரும்போது மறுபடியும் சுருண்டுதான் வளரும் என்றார் டாக்டரம்மா. மயக்கம் தெளிந்ததும் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டே போய் இவர் மடியில் ஏறப் பார்த்தது. மறுநாளே கஞ்சியில் பங்கு கேட்டது.

உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் சுருளியை ஒளித்து வைக்க மாட்டேன். ஒளித்து வைத்தால் இருபத்து மூன்று பேர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அது எங்கள் வீட்டு முன் ஜன்னலில்தான் படுத்திருக்கிறது. கேட்டில் நுழைகிற எல்லாருக்கும் தெரிகிற ஜன்னல்.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. பதினெட்டு பேர் என்று படித்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வேனில் ஏறினேன்.

நோட்டீஸ் திங்கட்கிழமையே வந்தது. ஜெகதீஷே கொண்டுவந்தார். நான் வேலையில் இருந்தேன். கதவைத் திறந்தது இவர். எனக்குள் பயம், இவர் எதையாவது ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று. ராத்திரிச் சோறு போடும்போது கேட்டேன். நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கொடுக்கும்போது சொன்னது இது:

"பூனை எங்களுது. ஊடு எங்களுது. நீ எழுதிகினே இரு நைனா, நாங்க இருந்துகினே கீறோம்."

சொல்லிவிட்டு உடனே கதவைத் தாழ் போட்டுக்கொண்டாராம். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

விலங்கு நல வாரியத்துக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பதினெட்டு வீட்டிலும் கையெழுத்துக் கேட்கப் போகிறேன். முதல் கையெழுத்து உங்களுடையது என்று இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

சுருளியால் இன்னும் பத்து நாளைக்கு மாடி ஏற முடியாது. நாளை எனக்கு லீவு. சொர்ணம் அம்மாவைப் பதினொரு மணிக்குக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசல் வழியாகவே வாருங்கள். வெந்நீர்ப் பையை மறக்க வேண்டாம்.

நாகம்மா